கடலருகே இருப்பதெல்லாம் கடல்சார் காலநிலை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், உலக நகரங்களின் காலநிலையை ஒப்பிட்டு வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் ஊர்களை உலக வரைபடத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டும் முயற்சி என்ற அளவில் அது எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் அதில் இருந்த பட்டியலில் சென்னை, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய மூன்று ஊர்களும் லண்டனோடு ஒரே வரிசையில், ‘கடல்சார் காலநிலை’ என்ற தலைப்பின்கீழ் வைக்கப்பட்டிருந்தன. அதே பக்கத்தில் இருந்த பெட்டிச் செய்தி, ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்துக்கு ‘லண்டன் காலநிலை’ வந்துவிடுவதாகச் சொன்னது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் புவியியல் கற்பித்தவள் நான். அதைவிட, ஆரியங்காவுக் கணவாயின் வாசலில் இருக்கும் புளியரையில் பிறந்து, அந்தக் காற்றிலேயே வளர்ந்தவள். இந்த இரண்டு செய்திகளையும் மாணவர்கள் அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளக் கூடாது என்ற கவலையினால்தான் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிழைக்கு வேர் ஒரே சொல்லில் இருக்கிறது. தமிழில் இரண்டு வேறு பொருள்களுக்கு நாம் ‘கடல்சார்’ என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறோம். ஒன்று, கடல் தன் அருகில் உள்ள நிலத்தின் வெப்பத்தையும் குளிரையும் தணிப்பது. பாடநூல்கள் இதைச் சமமான காலநிலை என்று சொல்கின்றன. மும்பையையும் நாகபுரியையும் எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஏறத்தாழ ஒரே அட்சரேகைப் பகுதியில் உள்ள இவ்விரு நகரங்களில், மும்பையின் ஜனவரி மாதச் சராசரி 24 டிகிரி செல்சியஸ் அளவிலும் மே மாதச் சராசரி 30 டிகிரி அளவிலும் இருக்க, நாகபுரியில் அவை 21, 35 என்ற அளவில் விலகி நிற்கின்றன. மும்பைக்கு ஆறு டிகிரி வேறுபாடு, நாகபுரிக்குப் பதினான்கு. இது கடலின் வேலைதான், இதில் ஐயமில்லை. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் மாலையில் வந்து சேரும் கடற்காற்றும் இதே வகையைச் சேர்ந்ததே.

இரண்டாவது பொருள் வேறு. உலகக் காலநிலை வகைகளைப் பிரித்த அறிஞர்கள் ஒரு குறிப்பிட்ட வகைக்குக் கடல்சார் காலநிலை என்று பெயரிட்டிருக்கிறார்கள். மேற்கு ஐரோப்பியக் காலநிலை என்றும் அதைச் சொல்வது உண்டு. லண்டன், டப்ளின், பாரிஸ், நார்வேயின் பெர்கன், நியூசிலாந்தின் வெலிங்டன், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஆகிய நகரங்கள் இதில் அடங்கும். கடற்கரையில் இருப்பது இந்த வகையில் சேர்வதற்குரிய தகுதியே அல்ல. பாரிஸ் கடற்கரை நகரமன்று. நியூயார்க் அட்லாண்டிக் கரையிலேயே இருந்தும் இந்த வகைக்குள் வரவில்லை.

கட்டுரையாளர் முதல் பொருளில் தொடங்கி, வழியில் எங்கோ இரண்டாவது பொருளுக்குத் தாவிவிட்டார் என்று நினைக்கிறேன். ஆண்டு முழுவதும் வெப்பம் ஒரே சீராக இருப்பதுதான் அளவுகோல் என்றால், திருவனந்தபுரத்தை லண்டனோடு சேர்த்தது லண்டனுக்கே பொருந்தாத மரியாதை. திருவனந்தபுரத்தில் மிகுந்த வெப்பமுள்ள மாதத்துக்கும் குறைந்த வெப்பமுள்ள மாதத்துக்கும் இடையே மூன்று டிகிரி அளவே வேறுபாடு; லண்டனில் ஜனவரி 6 டிகிரி, ஜூலை 19 டிகிரி என்று பதின்மூன்று டிகிரி. ஆகவே சீர்மையில் நம் ஊர்தான் முந்தி நிற்கிறது. ஆனால் அந்தச் சீர்மைக்குப் பெரும் காரணம், திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரை டிகிரி வடக்கில் மட்டுமே இருப்பது. ஆண்டு முழுவதும் சூரியன் தலைக்கு அருகிலேயே நிற்கும் நாட்டில் கடல் இல்லாவிட்டாலும் மாதங்களுக்கு இடையே பெரிய வேறுபாடு வராது. லண்டன் இருப்பதோ ஐம்பத்தொன்றரை டிகிரியில். குளிர்காலத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சற்று நேரம் தலைகாட்டிப் போகும் அந்த அட்சரேகையில், ஜனவரி மாதச் சராசரி 6 டிகிரியில் நிற்பதுதான் வியப்பு. அந்த வியப்புக்குப் பெயர்தான் கடல்சார் காலநிலை.

இந்த வகைப்பாட்டின் எல்லைகளை வகுத்தவர் காலநிலை அறிஞரான விளாதிமிர் கெப்பன். 1846-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, கிரிமியாவில் பள்ளிப் பருவத்தைக் கழித்து, பிற்காலத்தில் ஜெர்மனியில் பணியாற்றிய அவர், 1884-இல் தொடங்கி 1936 வரை தம் வகைப்பாட்டைத் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் எண்களை மனம்போன போக்கில் எடுக்கவில்லை. அல்போன்ஸ் தெ கந்தோல் என்ற தாவரவியலாளர் உலகத் தாவரங்களை வெப்பத் தேவையின்படி பிரித்திருந்ததை அடிப்படையாகக் கொண்டு, எந்த எண்ணில் செடிகொடிகளின் இயல்பு மாறுகிறதோ அந்த எண்ணையே எல்லைக் கோடாக வைத்தார். எல்லா மாதங்களின் சராசரியும் 18 டிகிரிக்கு மேல் இருந்தால் அது வெப்பமண்டலம். ஒரு மாதமாவது 18-க்குக் கீழ் இறங்கி, ஆனால் கடுங்குளிர் மாதமும் உறைநிலைக்கு அருகிலேயே நின்றுவிட்டால் அது மிதவெப்ப மண்டலம். அதற்குள் மிகுந்த வெப்பமுள்ள மாதத்தின் சராசரி 22 டிகிரியைத் தாண்டாமலும், குறைந்தது நான்கு மாதங்கள் 10 டிகிரிக்கு மேலும் இருந்து, ஆண்டில் வறண்ட பருவம் என்று ஒன்று இல்லாமல் எல்லா மாதங்களிலும் மழை பரவிப் பெய்தால், அதுவே கடல்சார் காலநிலை. இந்தத் தகுதிகளைச் சென்னையோ தூத்துக்குடியோ திருவனந்தபுரமோ நிறைவு செய்வதில்லை. மூன்றும் வெப்பமண்டல ஊர்கள். அவற்றில் மிகக் குளிர்ந்த மாதமும் 18 டிகிரிக்கு வெகு மேலேயே நிற்கிறது.

18 என்ற எண் வெறும் எண் அல்ல என்பதை என் தகப்பனார் செலவழித்துக் கற்றுக்கொண்டார். நான் சிறுமியாக இருந்தபோது, கொடைக்கானலில் இருந்து ஒரு பிளம்ஸ் கன்றை வாங்கிவந்து எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நட்டார். சாரல் காலத்தில் போர்வை இல்லாமல் படுக்க முடியாத ஊரில் அது காய்க்காதா என்பது அவருடைய நம்பிக்கை. கன்று பிழைத்தது, தழைத்தது, எங்கள் உயரத்துக்கு மேலும் வளர்ந்தது. ஆனால் பத்து ஆண்டுகளில் ஒரு பூகூடப் பூக்கவில்லை. பிளம்ஸ், பேரி, ஆப்பிள் போன்ற மரங்களுக்கு இலையுதிர்த்து உறங்குவதற்கு வாரக்கணக்கில் நீடிக்கும் குளிர் வேண்டும். அந்தக் குளிர்க் கணக்கு நிறைந்தால்தான் மொட்டு விழிக்கும். சில இரவுகளின் சில்லென்ற காற்று அந்தக் கணக்கை நிறைக்காது. கடைசியில் அதை அகற்றிவிட்டு அதே குழியில் தென்னை வைத்தார். அது இன்றும் காய்க்கிறது. தென்னை காய்க்கும் ஊரை லண்டனோடு சேர்க்க முடியாது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அந்தக் கிணற்றடிதான் என் நினைவுக்கு வரும்.

மழையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிதான் இருந்தது: ‘லண்டனைப் போலவே இந்நகரங்களும் நல்ல மழை பெறுபவை.’ உண்மையில் லண்டனின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மி.மீ. மட்டுமே. சென்னைக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஏறத்தாழ 1,400 மி.மீ. பெய்கிறது. நம் தென்மாவட்ட வாசகர்கள் உற்றுப் பார்க்க வேண்டியது தூத்துக்குடியை. அங்கே ஆண்டு மழை 650 மி.மீ. அளவில், அதாவது லண்டனுக்குச் சமமாக இருக்கிறது. ஒரே அளவு மழை பெறும் இரண்டு ஊர்களில் ஒன்றில் ஆண்டு முழுவதும் புல் பசுமையாக இருக்கிறது. மற்றொன்றைச் சுற்றிப் பனையும் உடைமரமும் உப்பளமும் தேரி மணலும் இருக்கின்றன. இந்த ஒப்பீட்டை மட்டுமே கட்டுரை எடுத்துக்கொண்டிருந்தாலும் அது சிறந்த பாடமாக அமைந்திருக்கும்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது? லண்டனில் ஒரு மாதத்துக்கு 40 முதல் 70 மி.மீ. வரை என்று பன்னிரண்டு மாதங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆண்டில் நூறு நாட்களுக்கு மேல் சிறு சிறு தூறலாக அது இறங்குகிறது. தூத்துக்குடியிலோ மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றின் சில புயல் நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பெய்த நீர் எவ்வளவு நாள் மண்ணில் தங்குகிறது என்பது அடுத்த கேள்வி. 6 டிகிரியிலும் 10 டிகிரியிலும் மேகமூட்டத்தின் கீழ் கிடக்கும் மண் மெதுவாகத்தான் உலரும். 30 டிகிரி வெயிலிலும் ஓயாத காற்றிலும் கிடக்கும் மண் பெற்றதைவிட அதிகமாகவே ஆவியாக்கிக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. உப்பளத் தொழில் தூத்துக்குடியில் செழித்ததே இதனால்தான். பாத்தியில் பாய்ச்சிய கடல்நீரை வெயிலும் காற்றும் வற்ற வைக்கும் ஊரும், துணி உலர்த்துவதற்கே வெயில் பார்த்துக் காத்திருக்கும் ஊரும் ஒரே காலநிலையில் இருக்க இயலாது.

இனி, கடல் எப்படி இவ்வளவு தொலைவு போய் வேலை செய்கிறது என்பதற்கு வருகிறேன். நீரைச் சூடாக்க, அதே எடையுள்ள உலர்ந்த மண்ணையோ பாறையையோ சூடாக்குவதைப் போல நான்கைந்து மடங்கு வெப்பம் வேண்டும். அதோடு, நிலத்தில் வெயில் மேல்தோலை மட்டுமே சுடுகிறது. கடலில் ஒளி ஆழத்துக்கு இறங்குகிறது, அலைகள் அதைக் கலக்கிக் கீழே அனுப்புகின்றன. எனவே கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுகிறது. கோடையில் சேர்த்ததைக் குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. ஆனால் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்து சேர்க்கக் காற்று வேண்டும். ஏறத்தாழ 40 முதல் 60 டிகிரி வரையிலான அட்சரேகைகளில் மேலைக் காற்றுகள் மேற்கிலிருந்து கிழக்காக ஆண்டு முழுவதும் வீசுகின்றன. ஆகவே அந்த அட்சரேகைகளில் கண்டங்களின் மேற்குக் கரைகளுக்குத்தான் கடலின் கொடை கிடைக்கிறது; கிழக்குக் கரைகளுக்குக் கண்டத்தின் உள்நாட்டுக் காற்றுதான் கிடைக்கிறது. வட அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தையே முழுக் காரணமாகச் சொல்லும் வழக்கம் நம் வகுப்பறைகளில் இருக்கிறது. நீரோட்டத்துக்குப் பங்கு உண்டு. எனினும் காற்றின் திசை மாறிவிட்டால் அந்த நீரோட்டத்தின் வெதுவெதுப்பு ஐரோப்பாவுக்கு வந்து சேராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைக் காட்டுவதற்கு நான் கரும்பலகையில் எழுதிவந்த வரிசை ஒன்று உண்டு. லண்டன், பெர்லின், மாஸ்கோ, சைபீரியாவின் இர்குட்ஸ்க் ஆகிய நான்கு நகரங்களும் 51 முதல் 56 டிகிரி வரையிலான அட்சரேகைகளுக்குள் இருப்பவை. நான்கிலும் ஜூலை மாதச் சராசரி ஏறத்தாழ 19 டிகிரிதான். ஒரு டிகிரி அங்கே கூடும், இங்கே குறையும். ஜனவரியைப் பாருங்கள்: லண்டன் 6, பெர்லின் 1, மாஸ்கோ மைனஸ் 6, இர்குட்ஸ்க் மைனஸ் 18. கோடையை மட்டும் பார்த்தால் நான்கும் உடன்பிறப்புகள். கிழக்கே போகப் போக அட்லாண்டிக்கின் கை எட்டாமல் போவது குளிர்காலத்தில்தான் தெரிகிறது. ஒரு நகரத்தின் காலநிலை கடல்சார்ந்ததா, கண்டம் சார்ந்ததா என்று அறியக் கோடைக்காலத்து அதிகபட்ச வெப்பநிலையைப் பட்டியலிடுவது பயன் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தங்கள் கட்டுரையின் பட்டியலில் இருந்ததோ அந்த அதிகபட்சம் மட்டுமே.

கரை எந்தப் பக்கம் என்பதன் எடையை அறிய, ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 43 டிகிரியில் உள்ள இரண்டு துறைமுகங்களை எடுத்துக்கொள்ளலாம். பிரான்சின் மார்சேயில் ஜனவரி சராசரி 7 டிகிரி. ஆசியாவின் கிழக்குக் கரையில் உள்ள ரஷ்யாவின் விளாதிவோஸ்தோக்கில் அது மைனஸ் 12. கடல் கண்ணெதிரே இருக்க, அந்தக் கடலின் மேற்பரப்பே அங்கே உறைகிறது. சைபீரியாவின் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, கடலின் தணிப்பைக் கரைக்கு வரவிடாமல் தடுத்துவிடுகிறது. (மார்சேயும் கடல்சார் வகை அன்று, கோடையில் வறண்டுவிடும் மத்தியதரைக்கடல் வகை என்பதை மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மலைகள் இந்தக் கதையின் மறுபாதி. ஐரோப்பாவில் ஆல்ப்ஸும் பிரனீஸும் பெரும்பாலும் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் அட்லாண்டிக் காற்று தடையின்றி ஜெர்மனி வரை நுழைகிறது. வட அமெரிக்காவின் மேற்கிலும் தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் மலைத்தொடர்கள் கடற்கரைக்கு இணையாக வடக்கு தெற்காக நிற்கின்றன. அங்கே கடல்சார் காலநிலை ஒரு குறுகிய நாடாவாக ஒடுங்கிவிடுகிறது. சிலியின் வால்டிவியாவில் அடர்ந்த மழைக்காடு. ஆண்டிஸைத் தாண்டினால் படகோனியாவின் வறண்ட புல்வெளி.

செங்கோட்டையில் வாழ்கிறவர்களுக்கு இதைப் புத்தகத்தில் படித்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. என் தம்பி புனலூரில் குடியிருக்கிறான். ஆனி மாதத்தில் அவன் வீட்டிலிருந்து பகல் ரயிலில் கிளம்பினால், தென்மலை வரை கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் உட்கார வேண்டும், அவ்வளவு மழை. ஆரியங்காவைக் கடந்து, குகைகளைத் தாண்டி, பகவதிபுரத்தில் இறங்கும்போது மழை தூறலாக மெலிந்திருக்கும். செங்கோட்டையிலும் தென்காசியிலும் அது சாரல். வெயிலும் தூறலும் ஒன்றாகவே விழும். தென்காசியில் வண்டி மாறி நெல்லைக்குப் போனால், பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள் ஈரம் போய்க் காற்று மட்டும் மிஞ்சியிருக்கும். நெல்லையைக் கடந்து தூத்துக்குடிக்குப் போனால் அங்கே மண் வெடித்துக் கிடக்கும். கேரளக் கரையில் உள்ள கொல்லத்தில் ஒரு கடல், தூத்துக்குடியில் ஒரு கடல். இரண்டும் கடற்கரையே, இடையில் இருக்கும் மலைதான் இரண்டையும் வேறு வேறு நாடாக்கிவிடுகிறது. புனலூருக்குத் தூத்துக்குடியைப் போல மூன்று மடங்குக்கும் மேல் மழை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. அரசாங்கக் கோடு அன்று மாறியது, மழைக்கோடு மாறவில்லை.

நம் முன்னோர் காற்றுக்கு வைத்த பெயர்களிலேயே இந்த அறிவு இருக்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை. மேல்காற்றுக்கு வெயிற்காலத்தின் பெயரையே ஏன் வைத்தார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்தில் தன் நீரையெல்லாம் இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்து வரும் காற்றைத்தான் பாண்டிநாட்டுச் சமவெளி அறிந்திருந்தது. லண்டனுக்கு மேல்காற்று என்றால் ஈரம், இதமான குளிர், தூறல். சமவெளித் தமிழனுக்கு மேல்காற்று என்றால் புழுதி. எங்களுக்கு மட்டும், மலையில் ஓர் இடைவெளி இருப்பதால், அதே மேல்காற்று சாரலைச் சுமந்து வருகிறது. முதுவேனில் என்று இலக்கணம் வகுத்த ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் ஓடை ஓடுவது அந்த இடைவெளியின் தயவால்தான். சுரண்டை, கயத்தாறு வட்டாரங்களில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் அந்த இடைவெளிதான் வழி திறந்துவிடுகிறது. ‘லண்டன் காலநிலை’ என்ற தலைப்பை விட்டுவிட்டு இதை விளக்கியிருந்தால், சாரலுக்கு எவ்வளவு பெருமை சேர்ந்திருக்கும்!

சாரல் நாளின் சுகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதை அனுபவிக்க எங்கெங்கிருந்தோ மக்கள் குற்றாலத்துக்கு வருகிறார்கள், வரட்டும். ஆனால் ஒரு நாளின் நிலை வானிலை. பல ஆண்டுகளின் சராசரியே காலநிலை. வானிலைத் துறையினர் இதற்கு முப்பது ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்வது வழக்கம். எங்கள் ஆடி மாதத்தில் சாரல் எவ்வளவு அடித்தாலும், மாதச் சராசரி 18 டிகிரிக்கு அருகில்கூட வருவதில்லை. சாரல் முடிந்த பிறகு தை முதல் பங்குனி வரை மழையின் வாடையே இராது. மறுபக்கமும் அப்படித்தான். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது; அந்நாட்டில் 40 டிகிரியைத் தாண்டியது அதுவே முதல் முறை. அந்த ஒரு நாளால் இங்கிலாந்துக்கு மதுரையின் காலநிலை வந்துவிட்டது என்று யாரும் எழுத மாட்டோம். அத்தகைய நாட்கள் கூடிக்கூடிச் சராசரியை உயர்த்துகின்றன என்பது வேறு, பெரிய கவலை. பாரிஸ் போன்ற நகரங்களில் ஜூலை சராசரி 22 டிகிரிக் கோட்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

‘அப்படியானால் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு?’ என்று வாசகர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. கட்டுரை அந்த ஊர்களைத் தொடவே இல்லை. என் உறவினர் பலர் மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறையாக வேலை பார்த்துவருகிறார்கள். அங்கே மலைச்சரிவில் தமிழ்தான் கேட்கும். ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தில் உள்ள மூணாறிலும், 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியிலும் எந்த மாதச் சராசரியும் 22 டிகிரியை எட்டுவதில்லை. குளிர் மாதங்கள் 18-க்குக் கீழ் இறங்குகின்றன. வெப்பக் கணக்கில் மட்டும் பார்த்தால் இவை லண்டன் வகைக்கு உறவு. ஊட்டிக்கு 1843-இல் கொண்டுவரப்பட்ட தைல மரத்தின் பூர்விகம் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலுள்ள டாஸ்மேனியா. அது உண்மையான கடல்சார் காலநிலைத் தீவு. அந்த மரம் நீலகிரியில் தன் வீட்டைப் போல் பரவியது தற்செயல் அல்ல.

ஆனால் ஊட்டிக்கும் மூணாறுக்கும் குளிர்ச்சியைத் தந்தது கடல் அன்று, உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்ற கணக்கின்படி வந்த குளிர்ச்சி அது. மழையும் ஒத்துப்போகவில்லை, ஜூலையில் மூணாறில் கொட்டுவதில் பத்தில் ஒரு பங்குகூட ஜனவரியில் பெய்வதில்லை. குளிர்காலத்தின் மிக வறண்ட மாதத்து மழை, கோடைக்காலத்தின் மிகுந்த மழையுள்ள மாதத்து மழையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தால் அது வறண்ட குளிர்காலம் என்பது கெப்பனின் விதி. எனவே இவ்வூர்களுக்கு, வறண்ட குளிர்காலமுடைய மேட்டுநிலக் காலநிலை என்ற தனி வகை. ஐப்பசி மழையும் சேர்ந்து கிடைக்கும் கொடைக்கானல் இரண்டு வகைக்கும் இடையிலான கோட்டின் அருகே நிற்கிறது. இன்னொரு வேறுபாடு, மலையேறி ஓர் இரவு தங்கியவர்களுக்கே தெரியும். லண்டனில் வேறுபாடு கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையில். மூணாறில் பகலுக்கும் இரவுக்கும் இடையில். தை மாதத்தில் தோட்டத்துப் புல்மீது விடியற்காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கியிருக்கும். பதினொரு மணிக்குக் கம்பளியைக் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்ய முடியும்.

இந்த இடத்தில் வகைப்பாட்டின் குறையையும் சொல்லிவிடுவதே நேர்மை. தென் அமெரிக்காவின் பொகோட்டா, 2,600 மீட்டர் உயரத்தில் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. ஆண்டின் எல்லா மாதங்களிலும் அங்கே 13, 14 டிகிரிதான், மழையும் பரவலாகப் பெய்கிறது. கெப்பன் ஒவ்வொரு வகைக்கும் இட்ட எழுத்துக் குறியீட்டில் அதற்கும் லண்டனுக்கும் ஒரே எழுத்துகள்! கோடையும் குளிர்காலமும் இல்லாத ஊரும் அவை இரண்டும் உள்ள ஊரும் ஒரே பெட்டிக்குள் விழுவது, அந்த எழுத்துகள் விளைவைப் பார்க்கின்றனவே அன்றிக் காரணத்தைக் கேட்பதில்லை என்பதால்தான். கடுங்குளிர் மாதத்தின் எல்லையை மைனஸ் 3 என்று வைப்பதா, 0 என்று வைப்பதா என்பதிலும் அறிஞரிடையே இரு வழக்குகள் உள்ளன. முதல் வழக்கில் போலந்தின் வார்சா கடல்சார் வகையிலும், இரண்டாம் வழக்கில் கண்ட வகையிலும் சேரும். நகரங்களை ஒப்பிடுகிறவர் எந்தக் கோட்டைப் பயன்படுத்தினார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் வாசகருக்குக் குழப்பம் இராது.

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் தங்கள் இணைப்பிதழைக் கத்தரித்து ஏட்டில் ஒட்டி வைத்துக்கொள்வதை இவ்வூர் நூலகத்தில் நாள்தோறும் காண்கிறேன். அதனால் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். நகரங்களின் காலநிலையை இனி ஒப்பிடும்போது, ஆண்டின் அதிகபட்ச வெப்பநிலையை மட்டும் தராமல், ஜனவரி, ஜூலை ஆகிய இரண்டு மாதங்களின் சராசரியையாவது தாருங்கள். இயன்றால் பன்னிரண்டு மாதங்களின் மழையளவையும் சேர்த்துத் தாருங்கள். இரண்டாவதாக, கடல் அருகில் உள்ள ஊர்களைக் குறிக்கக் ‘கடலோரச் சமமான காலநிலை’ என்றும், லண்டன் முதலிய ஊர்களின் வகையைக் குறிக்க ‘மேலைக் கடல்சார் காலநிலை’ என்றும் இரண்டு பெயர்களைப் பிரித்து ஆளுங்கள். முதற்பெயர் பாடநூலில் இருந்து பிள்ளைகளுக்குப் பழகியது. இரண்டாவதில் உள்ள ‘மேலை’ என்ற சொல், காரணமான காற்றையும் கரையையும் சேர்த்தே காட்டிவிடும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட இடமிருந்தால், அந்தப் பட்டியலில் சென்னை, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய மூன்றையும் லண்டனின் வரிசையிலிருந்து எடுத்து வெப்பமண்டலத்தின் கீழ் வைத்து, தூத்துக்குடிக்கும் லண்டனுக்கும் ஆண்டு மழை ஏறத்தாழ ஒன்றே என்ற செய்தியையும் அருகில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.